மீனை மட்டும் விட்டுவிட்ட சட்டம்

வாஷிங்டன்,
பிப்ரவரி 21, 1938.

அன்புள்ள வெர்னா அண்ணிக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் பின்னி அனுப்பிய கையுறைகளுக்கு இரண்டு மாதம் கழித்து நன்றி சொல்கிறேன். திட்டாதீர்கள். நாள் முழுக்கத் தட்டச்சு அடித்துவிட்டு அறைக்கு வந்தால் பேனாவைத் தொடவே விரல் கூசுகிறது. அண்ணன் எப்படி இருக்கிறார்? ஈபன் அண்ணன் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் விசாரித்ததாகச் சொன்னால் "ம்" என்றாவது சொல்கிறாரா?

நம் தொகுதி மெம்பர் விட்கமிடம் வேலைக்குச் சேர்ந்து இந்த மாதத்தோடு மூன்று வருடம் ஆகிறது. ஆபீஸுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். "மெய்ன் கடற்கரைப் பொண்ணு. ரெண்டு வருஷம் டப்பாவுல மீன் அடுக்கியிருக்கா" என்பார். வந்தவர்கள் என் கைகளைப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு அது பெருமையாக இருந்தது.

இந்தக் கட்டிடத்தில் எல்லாவற்றிலும் சுருட்டு நாற்றம். சபையில் ஒருவரை ஒருவர் பொய்யன் என்று கத்திக்கொண்டவர்கள், மதியம் ஒரே மேஜையில் உட்கார்ந்து வறுத்த கோழியைப் பிய்த்துத் தின்கிறார்கள். முதல் வருடம் பார்க்கவே குமட்டியது. இப்போது பழகிவிட்டது. இப்படிப் பழகிவிட்டதே என்று சில நாள் குமட்டுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நாடு முழுவதற்கும் ஒரு கூலிச் சட்டம் வரப்போகிறது. மணிக்கு இருபத்தைந்து சென்ட்டுக்குக் குறைத்து யாருக்கும் கொடுக்கக் கூடாது என்கிறது. நம் மெம்பர் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஜூலையில் நம்மூர் மீன் ஆலைக்கு ஐம்பதாவது ஆண்டு விழா வேறு வருகிறது. ஆலையைத் தொடங்கிய பெரியவர் தோர்ன்டைக்கைப் பற்றி மெம்பர் அங்கே பேச வேண்டும். "இந்த நாட்டை உண்டாக்கினது எங்கள மாதிரி ஆளுங்க இல்ல தெல்மா. தோர்ன்டைக் மாதிரி முன்னோடிங்கதான்" என்கிறார். அந்த ஆலையைப் பற்றி உள்ளே இருப்பவர் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்.

எனக்கு நாற்றம்தான் நினைவிருக்கிறது. நீங்கள் பதினேழு வருடம் அங்கே நின்றவர். நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். அவர் கெட்டவர் இல்லை, அண்ணி. நான் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார். கூலி விஷயத்தில் அவர் எந்தப் பக்கம் போவார் என்பது உங்கள் கடிதத்தால்கூட மாறலாம்.

அன்புடன்,
தெல்மா


ஸ்ப்ரூஸ் ஹார்பர், மெய்ன்,
மார்ச் 9, 1938.

அன்புள்ள தெல்மா,

நீ விசாரித்ததாகச் சொன்னேன். உன் அண்ணன் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. வலையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நலமாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்.

ஆலை ஏப்ரல் நடுவில்தான் திறக்கும். அதுவரை என் விரல்கள் கொஞ்சம் மனித விரல்கள் மாதிரி இருக்கும். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெரியவரைப் பற்றிக் கேட்டாய். பொய் சொல்ல மாட்டேன், கெட்டிக்காரர். மீனை அடுப்பிலிருந்து மேஜைக்குக் கொண்டுவரும் பட்டை அவரே யோசித்துச் செய்தது. இயந்திரம் நின்றால் கோட்டைக் கழற்றிவிட்டு எண்ணெய்க்குள் படுத்து அவரே சரி செய்வார். வேலைக்கு அஞ்சாத மனுஷன். ஆனால் பதினேழு வருடத்தில் என் பெயர் அவருக்குத் தெரியாது.

கோரா டின்ஸ்மோர் என் பக்கத்தில் நிற்பவள், உனக்கு நினைவிருக்கும். தலையும் வாலும் நறுக்கும்போது கத்தரி வழுக்கி அவள் விரல் நுனி போன அன்று பெரியவர் வந்தார். கோராவைப் பார்க்கவில்லை. கத்தரியை எடுத்துத் துடைத்து, கூர்மையைத் தடவிப் பார்த்தார். "நல்ல எஃகு" என்றார். பிறகு ரத்தம் பட்ட மீன் தட்டைக் காட்டி, "கழுவிப் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் பித்தளையில் விரல் உறை செய்துகொண்டு வந்தார். நல்ல உறைதான், இன்றுவரை அதைத்தான் போடுகிறோம். அதன் விலையை எங்கள் கூலியில் பிடித்துக்கொண்டார். அன்று கழுவிப் போட்ட மீன் எந்த ஊரில் யார் தட்டில் விழுந்ததோ.

முன்னோடி என்கிறாரே உன் மெம்பர், முன்னால் ஒருவர் போனார் என்றால் மூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் சிலர் வந்திருக்க வேண்டும். அவர்களைப் பற்றி யார் பேசப் போகிறார்கள்?

இப்போது எங்கள் கதை. படகு எந்த நேரத்தில் வந்தாலும் விசில் ஊதும். விசில் ஊதினால் போதும், டான்ஸுக்குப் போகிற பெண்கள் மாதிரி ஓடுகிறோம். சிரித்துக்கொண்டுதான் ஓடுகிறோம். ஏன் என்று உனக்கே தெரியும். மேஜையில் அறுபது பேருக்கு இடம், வருவது எண்பது பேர். கடைசியில் வருகிறவள் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். போன ஆகஸ்டில் அப்படி ஓடி வழுக்கி விழுந்த பெண்ணைத் தாண்டி நானும் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பெட்டிக் கணக்கில்தான் கூலி. மீன் வரும்வரை நின்று காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. மணிக்கு இருபத்தைந்து சென்ட் என்றால் எனக்கு இப்போது கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு. அது அதிகம் என்று நினைக்கிற ஆள் இருந்தால், ஒரு நாள் வந்து என் பக்கத்தில் நிற்கச் சொல். விரல் உறை நான் தருகிறேன்.

அவரிடம் முழுதாகப் படித்துக் காட்டு.

வெர்னா


வாஷிங்டன்,
மே 27, 1938.

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். கூலிச் சட்டம் சபையில் நிறைவேறிவிட்டது. இன்னும் சில படிகள் இருக்கின்றன, ஆனால் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். மீன் ஆலைகளை மட்டும் அதில் சேர்க்கவில்லை. மீன் கெட்டுப்போகிற பொருள், வேலையும் வருடம் முழுக்க இல்லை, அதனால் மணிக்கணக்குக் கூலி சரிவராது என்று பேசி வெளியே எடுத்துவிட்டார்கள்.

நம் மெம்பரும் பேசினார். உங்கள் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டினேன், முழுதாகத்தான். அதற்கு மேல் என்னால் முடிந்தது ஒன்றும் இல்லை. ஊர்ப் பத்திரிகையில் அவர் பேச்சு வந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சபையில் பேசுவது ஒரு மாதிரிதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தெல்மா


ஸ்ப்ரூஸ் ஹார்பர்,
ஜூன் 6, 1938.

தெல்மாவுக்கு,

பத்திரிகை வந்தது. "என் தொகுதியில் மத்தி அடுக்கும் பெண், மீனவர் ஒருவரின் மனைவி, தன் கைப்பட எழுதுகிறார்" என்று தொடங்குகிறது. அடுத்த வரி என்னுடையது. டான்ஸுக்குப் போகிற பெண்கள் மாதிரி ஓடுகிறோமாம், சிரித்துக்கொண்டு ஓடுகிறோமாம். அதோடு நிறுத்திவிட்டார். வழுக்கி விழுந்தவள் இல்லை. கோராவின் விரல் இல்லை. "இந்தச் சிரிப்பை மணிக்கணக்கு வைத்து அளக்கப் போகிறீர்களா?" என்று கேட்டாராம். சபை கைதட்டியதாம்.

பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? உன் ஆபீஸுக்குக் கடிதம் எழுதக்கூடிய மீனவன் பெண்டாட்டி இந்த ஊரில் எத்தனை பேர்?

மேஸ்திரியம்மா சாப்பாட்டு நேரத்தில் அதைச் சத்தமாகப் படித்தாள். கோரா தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேஜையின் மறுகோடிக்குப் போனாள். போகும்போது, "டான்ஸ் எப்படி இருக்கு வெர்னா? காலு வலிக்கலயே?" என்று மட்டும் கேட்டாள். பதினேழு வருடமாக என் பக்கத்தில் நின்றவள்.

இன்னும் கேள். சின்ன முதலாளி, பெரியவரின் மகன், அந்த வரியைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டியிருக்கிறான். பச்சை எழுத்து. "எங்கள் பெண்கள் சொல்கிறார்கள்" என்று மேலே தலைப்பு. தினமும் அதற்குக் கீழே நுழைந்துதான் உள்ளே போகிறேன். முதல் நாள் உள்ளே போனதும் என் தோளைத் தட்டி, மேஜையின் முன்கோடியில் எனக்கு இடம் கொடுத்தான். உனக்குத் தெரியும், நல்ல மீன் முதலில் வந்து விழுகிற இடம். அங்கே நிற்பவளுக்குப் பெட்டி சீக்கிரம் நிறையும்.

தெல்மா, நான் அங்கே மூன்று நாள் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கை தானாக வேலை செய்தது, பெட்டி நிறைந்தது. நாலாம் நாள்தான் பழைய இடத்துக்குப் போனேன். அதற்குள் அந்த இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தாள். எல்லோரும் அந்த மூன்று நாளை எண்ணி வைத்திருக்கிறார்கள். நானும்தான்.

உன் மெம்பர் என்னவாக இருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. அவரை நான் வளர்க்கவில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது நீ பன்னிரண்டு வயசுப் பெண். உன் தலையில் பேன் எடுத்தவள் நான். அந்த வரியை அடித்தது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

என் கடிதத்தைத் திருப்பி அனுப்பு.

வெர்னா


வாஷிங்டன்,
ஜூன் 16, 1938.

அண்ணிக்கு,

நான்தான் அடித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று மதியம் மெம்பரோடு கிரான்டல் என்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். மீன் ஆலை முதலாளிகள் இங்கே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள். மெம்பர் மாதிரியே எப்போதும் எங்கள் ஆபீஸில்தான் இருப்பார். இருவரும் பன்றிக்கறி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு பேச்சு எழுத முயன்றார்கள். வரவில்லை. "இந்தப் பொம்பளைங்க என்ன நினைக்கிறாங்கன்னு யாருக்குத் தெரியும்" என்று மெம்பர் சலித்துக்கொண்டார். எனக்குத் தெரியும் என்றேன். பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கோராவின் விரல் வந்த இடத்தில் என் குரல் உடைந்துவிட்டது. நான் படித்து முடிக்கும்வரை இருவரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்டுவிட்டார்கள், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கிரான்டல் வாயைத் துடைத்துக்கொண்டு, "அந்த டான்ஸ் வரி பிரமாதம். அதை மட்டும் குடும்மா" என்றார்.

மெம்பர் என்னைப் பார்த்தார். மறுக்கவில்லை. அவர் மறுத்திருக்க வேண்டும் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், நானும் மறுக்கவில்லை. மூன்று பிரதி அடித்தேன். ஒரு எழுத்துப் பிழை வந்தது, ரப்பர் போட்டு அழித்து ஒழுங்காகத் திருத்தினேன். அந்த நேரத்திலும் என் கை சுத்தமான பிரதி எடுக்கத்தான் பார்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மெம்பருக்கு எதிர்க்கட்சியில் ஒரு மெம்பர் இருக்கிறார், இந்தச் சட்டத்தை முன்னின்று நடத்தியவர். தொழிலாளிகளுக்காகப் பேசுவதில் அவருக்கு இணை கிடையாது. அவர் பேச்சுகளைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டி வைத்திருந்தேன். வாக்கெடுப்புக்கு முதல் நாள் தாழ்வாரத்தில் கிரான்டலிடம் அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். "மீன்தானே? எடுத்துக்குங்க. உங்க ஆளுங்க பதினஞ்சு பேரு ஓட்டு எனக்கு வரணும், அவ்வளவுதான்." இருவரும் கை குலுக்கினார்கள். அடுத்த நாள் சட்டம் நிறைவேறியபோது அவர் கண்ணில் நீர் வந்தது. நிஜக் கண்ணீர்தான், அண்ணி. லட்சக்கணக்கான பேருக்கு அந்தச் சட்டத்தால் கூலி ஏறப் போகிறது, அதுவும் நிஜம். அதனால் என்னால் ஒழுங்காக வெறுக்கக்கூட முடியவில்லை. வண்டி நகர வேண்டும் என்று உங்கள் எண்பது பேரை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நல்லவர், கெட்டவர் இரண்டு பேரும் சேர்ந்துதான் இறக்கினார்கள்.

ஒட்டி வைத்ததையெல்லாம் குப்பையில் போட்டேன்.

உங்கள் கடிதம் இதனுடன் இருக்கிறது. ஜூலை ஒன்பதாம் தேதி விழாவுக்கு மெம்பரோடு நானும் வருகிறேன். குறிப்பெடுக்க மேடையில் உட்கார வேண்டும். வேறு ஊரென்றால் வராமல் இருந்திருப்பேன். வீட்டுக்கு வரலாமா என்று கேட்கத் தைரியம் இல்லை.

தெல்மா


ஸ்ப்ரூஸ் ஹார்பர்,
ஜூலை 14, 1938.

தெல்மாவுக்கு,

நீ வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால் உள்ளே விட்டிருப்பேனா என்று எனக்கே தெரியாது. உன் அண்ணன் மட்டும் அன்று சாயங்காலம்வரை நல்ல சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மேடையிலிருந்து உனக்கு என்ன தெரிந்ததோ. கீழேயிருந்து எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கொடித் தோரணம், ஊதுகுழல் கூட்டம், ஆளுக்கு ஒரு துண்டு புளுபெர்ரிப் பழப் பலகாரம். பெரியவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எண்பத்து நாலு வயசு, கழுத்து கோழிக் கழுத்தாகிவிட்டது. அவர் பெயர் பொறித்த பித்தளைப் பட்டயத்தைத் திறந்தார்கள். உன் மெம்பர் முன்னோடி முன்னோடி என்று ஏழெட்டு முறை சொன்னார். பிறகு எங்கள் பக்கம் கையை நீட்டி என் வரியைச் சொன்னார். மனப்பாடமாகச் சொன்னார், தாளைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் எழுந்தேன். "மிச்சத்தையும் நானே படிக்கிறேன்" என்றேன். நீ திருப்பி அனுப்பிய கடிதத்தை எடுத்து, வழுக்கி விழுந்தவளை முதலில் படித்தேன், பிறகு மேலே திரும்பினேன். கோராவின் விரல் வரும்போது சின்ன முதலாளி ஊதுகுழல்காரர்களுக்குச் சைகை காட்டினான். அவர்கள் ஊதினார்கள், நான் நிறுத்தவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். கோராவுக்குக் கேட்டது. அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு இன்னும் சிலர் வந்து நின்றார்கள். மொத்தம் பதினோரு பேர், எண்பதில்.

நான் படித்து முடித்ததும் பெரியவர் கை தட்டினார். நீயும் பார்த்திருப்பாய். அவர் ஒருவர்தான் தட்டினார். அது எனக்கு இன்னும் புரியவில்லை. சாகப் போகிற காலத்தில் எதையோ ஒப்புக்கொண்டாரோ என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன். அந்த மனுஷன் மேல் பதினேழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது.

உன்னைப் பார்த்தேன். நான் படித்த நேரம் முழுக்க நீ தலையைத் தூக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாய். மெம்பர் பேசினாலும் எழுதுகிறாய், நான் கத்தினாலும் எழுதுகிறாய். உனக்கு இரண்டும் ஒன்றா?

திங்கட்கிழமை படகு வந்து விசில் ஊதியது. ஞாயிற்றுக்கிழமை கோரா வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தாள். ஒருத்தியும் ஓடவில்லை. எண்பது பேரும் சேர்ந்து நடந்து போய் வாசலில் நின்றோம். பெட்டிக்குக் கூலி ஏற்று, காத்திருக்கும் நேரத்துக்கும் கொடு, இல்லாவிட்டால் யாரும் உள்ளே வர மாட்டோம் என்று கோராதான் சொன்னாள். நாலு மணி நேரம் வெயிலில் மீன் கிடந்தது. அந்த நாற்றம் ஊர் முழுக்கப் பரவியது. கடைசியில் சின்ன முதலாளி வெளியே வந்து பெட்டிக்கு அரை சென்ட் ஏற்றுகிறேன் என்றான். காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்றும் கிடையாது. என்னைக் காட்டி, "இவ மட்டும் உள்ள வரக் கூடாது" என்றான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போங்கள் என்று நான்தான் சொன்னேன். போனார்கள். அரை சென்ட்டுக்காகப் போனார்கள். அவர்கள் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்து மூன்று முறை பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

வெர்னா


வாஷிங்டன்,
ஆகஸ்ட் 19, 1938.

அண்ணிக்கு,

பெரியவர் கை தட்டியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். நீங்கள் எனக்குக் கொடுத்த ஒரு கடிதத்தை ஒருமுறை அரைகுறையாக வெட்டினேன். இன்னொரு முறை எதையும் உங்களிடமிருந்து மறைக்க மாட்டேன்.

அவருக்குக் காது கேட்காது. நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது மகனின் கையைப் பிடித்து இழுத்து, "என்ன சொல்றா அவ?" என்று கேட்டார். மகன் குனிந்து காதில் கத்தினான். "உங்களப் புகழ்றாப்பா." அதற்குத்தான் கை தட்டினார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

அதையும் எழுதிக்கொண்டேன். தலையைத் தூக்கியிருந்தால் அழுதிருப்பேன், அழுதால் எழுத முடியாது. நீங்கள் படித்ததில் ஊதுகுழல் சத்தத்தில் போனது போக மற்றது எல்லாம் என் நோட்டில் இருந்தது. இரண்டும் ஒன்றா என்று கேட்டீர்கள். அன்றைக்கு முந்தின நாள்வரை ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

திரும்பும் வழியில் ரயிலில் மெம்பர் பத்திரிகைகளுக்குக் குறிப்பு சொன்னார். "மீன் அடுக்கும் பெண் ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நிறுவனரை வாழ்த்த, அவர் கை தட்டி ஏற்றுக்கொண்டார்." அதையும் அடித்துக் கொடுத்தேன். பழக்கம். இங்கே வந்து ஒரு வாரம் நோட்டைத் திறக்கவில்லை. பிறகு அதில் இருந்ததை முழுதாக அடித்து, அப்பாவும் மகனும் பேசியதையும் சேர்த்து, என் பெயரைப் போட்டு மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். பாஸ்டன் பத்திரிகை ஒன்று போட்டது. உள்பக்கத்தில், மீன் விலைப் பட்டியலுக்குக் கீழே.

மெம்பர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இங்க உனக்கு என்ன குறை வச்சேன் தெல்மா?" என்று வருத்தமாகக் கேட்டார். அந்த வருத்தமும் நிஜம்தான். பிறகு, "அந்தப் பொம்பளைங்க பேரச் சொல்லிக் கடிதம் எனக்கு வந்துகிட்டேதான் இருக்கும். அடிக்கறதுக்கு வேற பொண்ணு கிடைப்பா" என்றார். மேஜையைக் காலி செய்ய ஒரு மணி நேரம் கொடுத்தார். கிரான்டல் கதவைத் திறந்துவிட்டார்.

இங்கே இனி எந்த ஆபீஸிலும் எனக்கு வேலை கிடைக்காது. அதைச் சொல்லி உங்களிடம் இரக்கம் வாங்கப் பார்க்கவில்லை. என்னை மன்னித்துவிட்டீர்களா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லை என்றாலும் எழுதுங்கள்.

தெல்மா


ஸ்ப்ரூஸ் ஹார்பர்,
செப்டம்பர் 18, 1938.

தெல்மா,

பாஸ்டன் பத்திரிகை இங்கே வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. கோரா ஒரு பிரதி வாங்கி, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். சாப்பாட்டு நேரத்தில் அவளே படித்தாளாம். அடுத்த நாள் வாசலில் பலகை இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது என்கிறார்கள். என்னை இன்னும் உள்ளே விடவில்லை. காலையில் கடல் வற்றும்போது சேற்றில் மட்டி தோண்டுகிறேன். இடுப்பு ஒடிகிறது, ஆனால் யாரும் விசில் ஊதுவதில்லை.

பெரியவரைப் பற்றி நீ சொன்னதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். வெகு நேரம் சிரித்தேன். அந்த ஐந்து நாள் மரியாதையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சொன்னதற்கு நன்றி.

போன திங்கட்கிழமை தேர்தல் நடந்தது. கேள்விப்பட்டிருப்பாய். விட்கம் ஜெயித்துவிட்டார், போன தடவையைவிட எண்ணூறு ஓட்டு குறைவு. நான் எதிராகப் போட்டேன். கோரா போட்டாள். உன் அண்ணன் மறுநாள் காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே, கேட்காமலேயே சொன்னார். விட்கமுக்குத்தான் போட்டாராம். என் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு முறையும் சொன்னார். உங்கள் பெண்டாட்டிக்கு வேலை போனது யாரால், உங்கள் தங்கைக்கு வேலை போனது யாரால் என்று கேட்டேன்.

"ஆளுக்குப் போடல. கட்சிக்குப் போட்டேன். எங்கப்பா காலத்துலேருந்து அதுக்குத்தான் போடுறோம்" என்றார்.

நாலு நாள் அவரோடு பேசவில்லை. சனிக்கிழமை அவரே பீன்ஸ் வேகவைத்தார், கருகிவிட்டது. தின்றோம். கெட்ட மனுஷன் இல்லை. இந்த ஊரில் கெட்ட மனுஷர்கள் இரண்டு, மூன்று பேர்தான் இருப்பார்கள், அவர்களை வைத்து ஒருவரும் ஜெயிக்க முடியாது. உன் அண்ணனை மாதிரி ஆட்கள் ஓட்டுப் போட்டால்தான் முடியும். அதை நினைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்டாய். இல்லை. தினமும் காலையில் எழுந்து பார்க்கிறேன், இன்னும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

இது வேறு விஷயம். மீனையும் சட்டத்துக்குள் சேர்க்க வேண்டும் என்று வாஷிங்டனுக்கு ஒரு மனு அனுப்பப் போகிறோம். இந்த ஊர் மட்டும் இல்லை, கரையோரம் பதினாலு ஆலைகளிலிருந்து பெண்கள் கோராவின் வீட்டில் கூடுகிறார்கள். ஒவ்வொருத்தியும் சொல்வதை எழுத்தில் எடுக்க வேண்டும். எங்களுக்கு எழுத வரும், ஆனால் அங்கே உள்ளவர்கள் எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். கோராதான் உன் பெயரைச் சொன்னாள், நான் சொல்லவில்லை.

சம்பளம் கிடையாது. சாப்பாடு என் வீட்டில். உன் பழைய அறையில் வலைகள் கிடக்கின்றன, உன் அண்ணன் எடுத்துவிடுவதாகச் சொல்கிறார். வந்தால் கொஞ்ச நாளைக்கு யாரும் உன்னோடு முதலில் பேச மாட்டார்கள். நானும்தான்.

அந்தத் தட்டச்சு இயந்திரம் உன்னுடையதா, ஆபீஸுடையதா? உன்னுடையது என்றால் எடுத்துக்கொண்டு வா. இந்த ஊரில் இருப்பது ஒன்றே ஒன்று. அது ஆலையில் இருக்கிறது.

வெர்னா